பக்கா, டாஷண்டா?

நகரத்து இரண்டு படுக்கையறை வீட்டுக்குச் சின்னதாக ஒரு நாய் வேண்டும் என்று முடிவெடுத்த குடும்பம் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டு பெயர்களில்தான். பொமரேனியன் என்றால் வீடெல்லாம் முடி என்று அம்மா தள்ளியிருப்பார். ஷிட்ஸூவைச் சீவிச் சீவியே ஞாயிற்றுக்கிழமை போய்விடும் என்று எதிர்வீட்டுக்காரர் பயமுறுத்தியிருப்பார். மிஞ்சுவது மூக்கே இல்லாத பக்கும், முதுகுக்கு முடிவே இல்லாத டாஷண்டும்.

இந்த இடத்தில் நாய் வளர்ப்புப் புத்தகங்கள் ஒரு கட்டம் போட்டு, ‘அறிவு நான்கு நட்சத்திரம், பாசம் ஐந்து நட்சத்திரம்’ என்று நிரப்பிவிடும். பாசத்துக்கு இரண்டிலும் குறைவில்லை. அறிவையும் நட்சத்திரத்தால் அளக்க முடியாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த இரண்டு உடல்களையும் மனிதன் தன் விருப்பத்துக்கு வளைத்திருக்கிறான். ஒன்றின் முகத்தை அமுக்கினான், மற்றதன் காலைக் குறுக்கினான். அதன் விலையாகப் பக்குக்கு மூச்சிலும் டாஷண்டுக்கு முதுகிலும் பிறவிக் குறை. இவற்றில் எதை உங்கள் வீடு தாங்கும் என்பதுதான் கேள்வி. உங்கள் வீடு என்றால் அதன் வெயில், தரை, மின்வெட்டு, குழந்தைகள், தாத்தா பாட்டி எல்லாமும் சேர்த்துத்தான்.

எதற்காக உருவானவை

பக் சீன அரண்மனைகளில் மடியில் உட்காருவதற்கென்றே வளர்க்கப்பட்டது. 16-ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகர்களின் கப்பலில் ஐரோப்பா வந்தது. ஆரஞ்சு அரச வம்சத்தின் செல்லமானது. 1689-இல் வில்லியமும் மேரியும் இங்கிலாந்து அரியணை ஏறியபோது அவர்களோடு பக்குகளும் போயின. பின்னாளில் விக்டோரியா மகாராணியும் வளர்த்தார். இத்தனை நூற்றாண்டுகளிலும் அதற்கு வேட்டை, காவல், மேய்ச்சல் என்று எந்த வேலையும் தரப்படவில்லை. மனிதனுக்குப் பக்கத்தில் இருப்பது ஒன்றே வேலை. இந்தியாவில் அதற்கு அந்த வேலையை மறுபடி வாங்கித் தந்தது 2003-இல் வந்த ஹட்ச் செல்போன் விளம்பரம். ஒரு சிறுவன் போகுமிடமெல்லாம் பின்னாலேயே போகும் சீக்கா என்ற பக்கைப் பார்த்துவிட்டு நாடு முழுக்க ‘ஹட்ச் நாய்’ கேட்டு அலைந்தார்கள். கிராக்கி ஏறினால் கண்டபடி குட்டி போட வைப்பார்கள் என்பது சந்தை விதி. இன்று நம் ஊரில் விற்கும் பக் குட்டிகளில் நாசித் துவாரம் ஒழுங்காகத் திறந்திருப்பதைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

டாஷண்டின் கதை நேரெதிர். ஜெர்மனியில் தரைக்கரடி என்னும் வளைவாழ் விலங்கை வேட்டையாட உருவாக்கப்பட்ட நாய் அது. வளைக்குள் நுழையக் குட்டைக் கால், திரும்ப நீள உடல், மண்ணைத் தோண்ட வலுவான முன்னங்கால், பூமிக்கு அடியிலிருந்து குரைத்தால் மேலே நிற்கும் வேட்டைக்காரனுக்குக் கேட்கும் அளவுக்கு ஆழமான நெஞ்சு. வளைக்குள் போனபின் எஜமானின் கட்டளை கேட்காது. எதிரில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் விலங்கை என்ன செய்வது என்று நாயே முடிவெடுக்க வேண்டும். 1888-இலேயே ஜெர்மனியில் இதற்கென்று தனிச் சங்கம் வைத்துவிட்டார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் சின்னமாக வந்த ‘வால்டி’ ஒரு டாஷண்ட்தான்.

இந்தப் பழைய வேலைகளை மனத்தில் வைத்துக்கொண்டால் வீட்டில் நடக்கப்போகும் பாதி விஷயம் புரிந்துவிடும். நீங்கள் சமையலறைக்குப் போனால் பக் சமையலறைக்கு வரும், குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே படுத்துக்கொள்ளும். டாஷண்டும் வரும், வழியில் சுவாரசியமான வாசனை எதுவும் குறுக்கிடாவிட்டால்.

குணம்

குணத்தில் மட்டும் போட்டி வைத்தால் பக் வெல்லும், சந்தேகமே வேண்டாம். குழந்தை காதைப் பிடித்து இழுத்தாலும் பொறுக்கும். விருந்தாளிகள் எல்லாரையும் தன்னைப் பார்க்க வந்தவர்களாகவே நினைக்கும். அதிகம் குரைக்காது. தாத்தா செய்தித்தாள் படிக்கும் நேரம் முழுக்க அவர் காலடியில் கிடக்கும். இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு: தனிமை அதற்கு ஆகாது. கணவன் மனைவி இருவரும் காலை 8 மணிக்குக் கிளம்பி இரவு 8 மணிக்குத் திரும்பும் வீட்டில் பக் வளர்ப்பது அதற்கு இழைக்கும் அநியாயம்.

டாஷண்ட் சின்ன உடம்புக்குள் இருக்கும் பெரிய நாய். அழைப்பு மணி அடித்தால் குரைக்கும். எதிர்வீட்டு அழைப்பு மணிக்கும் குரைக்கும். அந்தக் குரலை மட்டும் கேட்டவர்கள் உள்ளே அல்சேஷன் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். தனி வீட்டுக்கு இது லாபம், அபார்ட்மெண்டில் தகராறு. குரைப்பதைக் காரணம் காட்டிக் குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது, உண்மைதான். ஆனால் தினமும் லிஃப்டில் முகம் பார்க்க வேண்டியது அந்த அண்டை வீட்டாரைத்தான். மணிச்சத்தம் கேட்டதும் தன் பாயில் போய் உட்கார்ந்தால் தின்பண்டம் கிடைக்கும் என்று குட்டியிலேயே பழக்குங்கள். மூன்று மாதக் குட்டிக்கு இதைக் கற்றுக்கொடுப்பது எளிது, மூன்று வயது நாய்க்கு ஆகும் பாடு பெரிது.

கடிக்குமா என்று எல்லாரும் கேட்பார்கள். 2008-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான நாய் வளர்ப்போரிடம் கேட்டுத் தொகுத்த ஆய்வில், அந்நியரைக் கடிப்பதில் அல்லது கடிக்கப் பாய்வதில் டாஷண்ட் முன்வரிசையில் இருந்தது. ஐந்தில் ஒரு டாஷண்ட் அப்படிச் செய்ததாக உரிமையாளர்களே சொன்னார்கள். ராட்வைலருக்கும் பிட்புல்லுக்கும் பயப்படுகிற நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். சின்ன நாய் உறுமினால் சிரித்துவிட்டுப் போகிறோம், பெரிய நாய் உறுமினால் பயிற்சி கொடுக்கிறோம். டாஷண்ட் கடிப்பதற்கு அந்தச் சிரிப்பும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். குட்டியாக இருக்கும்போதே பால்காரர், வீட்டு வேலைக்கு வரும் அம்மா, கூரியர் பையன், குடை பிடித்தவர், ஹெல்மெட் போட்டவர் என்று பலவகை மனிதர்களைப் பழக்கிவிட்ட டாஷண்ட் கண்ணியமாகத்தான் நடந்துகொள்ளும்.

ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டுக்கு டாஷண்டை நான் சொல்ல மாட்டேன். அந்த வயதுக் குழந்தை நாயைத் தூக்கும் விதம் ஒன்றுதான்: முன்னங்கால்களுக்கு அடியில் கைகொடுத்து, மிச்ச உடம்பைத் தொங்கவிட்டு. நீள முதுகுக்கு அது வலி. வலித்தால் நாய் திரும்பிக் கடிக்கும். அந்தக் கடிக்கு நாயையும் குறைசொல்ல முடியாது, குழந்தையையும் குறைசொல்ல முடியாது.

தோட்டம் இருந்தால் இன்னொன்று. டாஷண்ட் எலி பிடிக்கும், பெருச்சாளியின் வளையை விடாமல் தோண்டும், கூடவே உங்கள் மல்லிகைச் செடியையும். பாம்பைக் கண்டால் ஒதுங்காது. புதரும் பாம்பும் உள்ள இடத்தில் அதைத் தனியாக அவிழ்த்துவிடக் கூடாது. தெருவில் கழுத்துவார் இல்லாமல் விடவே கூடாது. அணிலைப் பார்த்த டாஷண்டுக்குத் தன் பெயர் மறந்துபோகும்.

பக்கின் மூச்சு

நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, மூக்கின் உட்புற ஈரப் பரப்பிலும் வாயிலும் காற்றை ஓட்டி, நீரை ஆவியாக்கித்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. பக்கின் முகத்தை அமுக்கியபோது எலும்புதான் சுருங்கியது, உள்ளே இருக்கும் சதை சுருங்கவில்லை. அதனால் மூக்குத் துவாரம் கீற்றாகிவிட்டது, மென்னண்ணம் நீண்டு தொண்டையை அடைக்கிறது, மூக்குக்குள் காற்றுப் பாதையே நெருக்கடி. சென்னை, தூத்துக்குடி, கடலூர் போன்ற கடலோர ஊர்களில் இத்தோடு புழுக்கமும் சேர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் நாய் எவ்வளவு இரைத்தாலும் நீர் ஆவியாகாது. மதுரையின் 40 டிகிரி வறண்ட வெயிலைவிடச் சென்னையின் 36 டிகிரிப் புழுக்கம் சில நாட்களில் மோசமாகிவிடுவது இதனால்தான்.

பக் தூங்கும்போது குறட்டை விடுவதைப் படம் பிடித்து உறவினர் குழுவில் போடுவார்கள். அந்தக் குறட்டை அடைபட்ட மூச்சுப்பாதையின் சத்தம். பிரிட்டனின் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி 2022-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓர் ஆண்டில் ஏதேனும் ஒரு நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு மற்ற நாய்களைவிடப் பக்குக்கு ஏறக்குறைய 1.9 மடங்கு. தட்டை முகத்தால் வரும் மூச்சடைப்பு நோய்க்கு மட்டும் 54 மடங்கு. பக்கை இனி வழக்கமான நாயாகவே கருத முடியாது என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். நெதர்லாந்தில் மூக்கு நீளம் மண்டையின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ள நாய்களை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்துவதை 2019-இல் தடுத்துவிட்டார்கள். பக்கை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்த நாடே அதுதான். தமிழக அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையிலும், நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று தடை சொல்லப்பட்ட வெளிநாட்டு இனங்களின் பட்டியலில் பக் இருந்தது.

ஆக, பக் வளர்ப்பவரின் நாள் எப்படி இருக்கும்? மார்ச் முதல் செப்டம்பர் வரை நடை என்பது காலை 6 மணிக்கு முன், இரவு 8 மணிக்குப் பின். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை ஐந்து நொடி வைத்துப் பாருங்கள், உங்களால் வைக்க முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. பகலில் ஏசி அறை அல்லது காற்றோட்டமான தரை. கரண்ட் போனால் என்ன செய்வது என்பதை முன்பே யோசித்திருக்க வேண்டும்: இன்வெர்ட்டரில் ஓடும் ஒரு மின்விசிறி, ஈரத்தரை, வாளித் தண்ணீர். கார் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்துவிட்டு ‘ஐந்தே நிமிடம்’ கடைக்குள் போவது எந்த நாய்க்கும் ஆபத்து, பக்குக்கு அது மரணம். விமானத்தில் கொண்டுபோகும் திட்டம் இருந்தால் முதலில் நிறுவனத்தைக் கேளுங்கள். தட்டைமுக நாய்களை ஏற்றப் பல விமான நிறுவனங்கள் மறுக்கின்றன.

நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி. 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். அடையாளங்கள்: அடங்காத இரைப்பு, கயிறுபோல் வழியும் எச்சில், செக்கச்சிவந்த அல்லது நீலம் பாரித்த நாக்கு, தள்ளாட்டம். அந்த நேரத்தில் முதலில் தண்ணீர், அப்புறம்தான் வண்டி. நிழலுக்கு இழுத்து, குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள், அது சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள், புரையேறும். ஊற்றிக் குளிர்வித்தபடியே மருத்துவரிடம் கொண்டுபோகலாம்.

எடை இதில் எரிகிற நெருப்பில் எண்ணெய். நல்ல பக் 6.3 முதல் 8.1 கிலோ இருக்க வேண்டும். நம் வீடுகளில் 12 கிலோ பக் சர்வசாதாரணம், அதுவும் ‘கொழுகொழுன்னு இருக்கு’ என்ற பாராட்டோடு. கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கும் 8 கிலோ பக்குக்கு நாளொன்றுக்குச் சுமார் 450 கலோரி போதும். ஓர் இட்லி சுமார் 45 கலோரி. அப்பா தட்டிலிருந்து போடும் ஒரே ஓர் இட்லி, அவரே வயிறு நிறையச் சாப்பிட்டபின் கூடுதலாக நான்கு இட்லி தின்றதற்குச் சமம். பாட்டி போடும் பிஸ்கட் இந்தக் கணக்கில் வரவில்லை. கழுத்துப்பட்டை பக்குக்குக் கூடாது. தொண்டையை நெரிக்கும், துருத்திய கண்ணுக்கும் அழுத்தம் தரும். மார்பில் மாட்டும் ஹார்னஸ்தான் வேண்டும்.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கின் கண் வெளியே நிற்பதால் நாற்காலிக் காலும் செடிக் குச்சியும்கூடக் கீறிவிடும். கண்ணைச் சுருக்கினால், நீர் வடிந்தால், கருவிழி பால்போல் மங்கினால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று விட்டுக் கண் போன பக்குகள் ஏராளம். வீட்டில் மிச்சமிருக்கும் கண் சொட்டுமருந்தை ஊற்றவே கூடாது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் ஆழமாகிவிடும். முகத்து மடிப்புகளை நாள்தோறும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். மழைக்காலத்தில் அதை விட்டால் மடிப்புக்குள் புண்ணும் நாற்றமும் நிச்சயம்.

டாஷண்டின் முதுகு

குட்டைக் காலைத் தரும் மரபணு மாற்றத்தோடு தொடர்புடைய இன்னொரு மாற்றம், முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்க வேண்டிய வட்டுகளை இளம் வயதிலேயே காய்ந்து இறுகச் செய்துவிடுகிறது. இறுகிய வட்டு ஒருநாள் வெடித்துத் தண்டுவடத்தை அழுத்தும். நாலில் ஒரு டாஷண்டாவது வாழ்நாளில் ஏதோ ஓர் அளவில் இதை அனுபவிக்கிறது. பெரும்பாலும் மூன்றுக்கும் ஏழுக்கும் இடைப்பட்ட வயதில் வரும். அதாவது நாய் நல்ல உரத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் பருவத்தில்.

பக்கின் குறை தினசரித் தொல்லை. டாஷண்டின் குறை வராமலே போகலாம். வந்தால் ஒரே இரவில் பின்னங்கால்களை முடக்கிவிடலாம். இந்த வித்தியாசத்தை விற்பவர் சொல்ல மாட்டார்.

நம் வீடுகளில் இதற்கு முதல் எதிரி தரை. பளபளக்கும் டைல்ஸ், கிரானைட். ஓடிவந்து திரும்பும்போது பின்னங்கால் வழுக்கி இடுப்பு முறுகும். அது ஓடும் பாதையில் கோணியோ ரப்பர் அடியுள்ள விரிப்போ போடுங்கள். நகத்தைக் குட்டையாக வெட்டுங்கள். கட்டிலிலிருந்தும் ஊஞ்சலிலிருந்தும் குதிப்பதற்குப் பதில் ஒரு சாய்பலகை வையுங்கள். தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியில், மறு கை பின்புறத்துக்கு அடியில், முதுகு தரைக்கு இணையாக இருக்கட்டும். வீட்டில் உள்ள எல்லாரும், வந்துபோகும் சித்தி பிள்ளைகளும்கூட, இதைச் செய்துகாட்டிய பிறகே நாயைத் தூக்க அனுமதி என்று ஒரு சட்டம் போடலாம்.

அதற்காகப் பொத்திப் பொத்தி வளர்க்கக் கூடாது. பிரிட்டனில் டாஷண்ட் வளர்ப்போரிடம் நடத்திய ஓர் ஆய்வில், நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்கும் நாய்களுக்கு முதுகுச் சிக்கல் குறைவாகவே இருந்தது. முதுகைத் தாங்குவது தசை, தசையைத் தருவது நடை. எடையும் அப்படித்தான். ‘மினியேச்சர்’ டாஷண்ட் 5 கிலோவை ஒட்டி நிற்க வேண்டும், பெரிய வகை 9 முதல் 12 கிலோ. எதுவானாலும் மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும், விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். கருத்தடை அறுவையை ஒரு வயதுக்கு முன் அவசரப்பட்டுச் செய்யாமல் மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள்.

வழக்கமாக ஏறும் சோபாவில் ஏறாமல் நின்று பார்க்கிறது, முதுகைக் கூனி நடக்கிறது, தூக்கினால் அலறுகிறது, பின்னங்கால் பின்னுகிறது, சிறுநீர் கழிக்க முடியவில்லை. இவற்றில் எதைக் கண்டாலும் நடமாட்டத்தை நிறுத்தி, சின்னக் கூண்டிலோ அட்டைப்பெட்டியிலோ வைத்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தைலம் தேய்த்து உருவிவிடாதீர்கள். நமக்கு எழுதிக்கொடுத்த வலி மாத்திரையில் அரை கொடுத்துப் பார்ப்போம் என்று நினைக்காதீர்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் குடலிலும் சிறுநீரகத்திலும் ரத்தக்கசிவையும் சேதத்தையும் உண்டாக்கும். லேசான நிலையில் நான்கு முதல் ஆறு வாரம் கூண்டு ஓய்வும் மருந்தும் போதும். கூண்டு ஓய்வு என்றால் சிறுநீர் கழிக்க மட்டும் வெளியே தூக்கிப் போவது. ‘பாவம், கொஞ்சம் நடக்கட்டும்’ என்று இரண்டாம் வாரம் இரக்கப்படுபவர்தான் காரியத்தைக் கெடுப்பவர். பின்னங்கால் விரலை அழுத்திக் கிள்ளினாலும் நாய்க்கு உணர்வே இல்லை என்ற நிலை வந்துவிட்டால் அறுவை சிகிச்சைக்கு மணிக்கணக்கில்தான் அவகாசம். ஸ்கேனும் முதுகுத்தண்டு அறுவையும் எல்லா ஊரிலும் கிடைக்காது. சிறு நகரத்தில் இருப்பவர்கள் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல, அருகில் எங்கே அந்த வசதி உண்டு என்பதை நாய் நன்றாக இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

மற்றவை

குட்டை முடி என்பதால் இரண்டும் முடி உதிர்க்காது என்று நம்பி வாங்குகிறார்கள். டாஷண்ட் விஷயத்தில் பெரும்பாலும் சரி. பக் ஆண்டு முழுவதும் உதிர்க்கும், கறுப்புச் சட்டைக்காரர்கள் கவனிக்க. டாஷண்டின் தொங்கு காதில் காற்றுப் புகாது. வாரம் ஒருமுறை தூக்கி முகர்ந்து பாருங்கள், புளித்த வாடை வந்தால் தொற்று தொடங்கிவிட்டது. நாய்க்கு 42 பற்கள், பக்கின் தாடையில் அத்தனைக்கும் இடமில்லை. நெருக்கியடித்து வளர்ந்து சீக்கிரமே காரை கட்டும். பல் துலக்கக் குட்டியிலேயே பழக்க வேண்டும். இரண்டுக்கும் உண்ணிக் காய்ச்சல் வரும், அதற்கான தடுப்பு மருந்தை மழைக்காலத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகாது. சாம்பார் சாதம் போடும் வீடுகளில் இதைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டலாம்.

மலஜலப் பழக்கத்தில் டாஷண்ட் பிடிவாதம் பிடிக்கும். மழை பெய்தால் வெளியே கால் வைக்காமல், உங்களை நேராகப் பார்த்துக்கொண்டே பால்கனி மூலையில் முடித்துவிடும். அடித்தால் மாறாது, ஒளிந்து போகக் கற்றுக்கொள்ளும்.

யாருக்கு எது

சமவெளித் தமிழ்நாட்டில், ஏசி இல்லாத வீட்டில், பகலெல்லாம் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டில் பக் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று குளிர்ந்த இடத்தில் இருப்பவர்கள், வீட்டில் எப்போதும் ஒருவர் இருப்பவர்கள், நீண்ட நடைக்கு உடம்பு இடம் கொடுக்காத முதியவர்கள் பக்கைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் குட்டி வாங்குவதைவிட, வளர்த்தவர்கள் கைவிட்ட பெரிய பக்கைத் தத்தெடுப்பது மேல். மூச்சு எப்படி, கண் எப்படி என்பது வளர்ந்த நாயில் ஒளிவு மறைவில்லாமல் தெரிந்துவிடும். விளம்பரத்தைப் பார்த்து வாங்கிக் கைவிட்டவை எல்லா ஊர்க் காப்பகங்களிலும் இருக்கின்றன.

பள்ளிக்குப் போகும் வயதுப் பிள்ளைகள் உள்ள வீடு, தினமும் நடக்க ஆள் உண்டு, பிடிவாதத்தைச் சிரித்துக்கொண்டே சமாளிக்கும் பொறுமை உண்டு, அவசரத்துக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைக்க முடியும் என்றால் டாஷண்ட். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியா? தினம் இரண்டு வேளை அதைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்க யார் என்று இப்போதே பெயர் சொல்லிக்கொள்ளுங்கள். கைக்குழந்தை உள்ள வீடா? இரண்டுமே வேண்டாம், நான்கைந்து ஆண்டு பொறுங்கள். நாய்கள் தீர்ந்துபோய்விடாது.

குட்டி பார்க்கப் போகும்போது

தாயைப் பார்க்காமல் குட்டியை வாங்காதீர்கள். ‘தாய் ஊரில் இருக்கு சார்’ என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். பக் என்றால் தாயைக் கொஞ்சம் நடக்கச் சொல்லி அருகில் நின்று கேளுங்கள். இரண்டு நிமிட நடைக்கே கர்கர் என்றால் குட்டிக்கும் அதே மூச்சுதான். நாசித் துவாரம் காற்புள்ளிபோல் கீற்றாக இல்லாமல் திறந்திருக்க வேண்டும். மூக்கு கொஞ்சம் நீண்ட, ‘அழகு குறைந்த’ குட்டியை எடுங்கள், அது மூச்சுவிடும். டாஷண்ட் என்றால் தாய்க்கோ தகப்பனுக்கோ முதுகு நோய் வந்ததா என்று கேளுங்கள். பெற்றோருக்கு நான்கைந்து வயது ஆகியும் முதுகு நன்றாக இருப்பது நல்ல அறிகுறி. புள்ளிப்புள்ளி நிறமுள்ள இரண்டு டாஷண்டுகளைச் சேர்த்துப் பிறந்த, வெள்ளை மிகுந்த குட்டியை அபூர்வ நிறம் என்று கூடுதல் விலை சொல்வார்கள். அந்தச் சேர்க்கையில் குருடும் செவிடுமாகக் குட்டிகள் பிறக்கும்.

சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட இந்திய கெனல் கிளப்பின் சான்றிதழை நீட்டுவார்கள். அது வம்சாவளியைச் சொல்லும், உடல்நலத்தைச் சொல்லாது. நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய மத்திய அரசின் 2017 விதிகளின்படி, விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. பதிவு எண்ணைக் கேட்டதும் முகம் மாறுகிறவர்களிடம் பேரம் பேசாதீர்கள். 30 நாள் குட்டியைக் கையில் திணித்து, ‘பால் கொடுங்க, தானா தேறிடும்’ என்பவர்களிடமும் வேண்டாம். தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்கும் அந்த எட்டு வாரத்தில்தான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. டாஷண்டுக்கு அந்தப் பாடம் கட்டாயம்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் காட்டி, போட்ட தடுப்பூசிகளின் அட்டையைச் சரிபாருங்கள். பார்வோ முதலிய கூட்டுத் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும், வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில். அவை முடியும்வரை தெருவில் இறக்க வேண்டாம், ஆனால் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று பஸ், ஆட்டோ, தெரு நாய், மனிதர்கள் எல்லாவற்றையும் காட்டுங்கள். சென்னையில் இருந்தால் மாநகராட்சி உரிமம் கட்டாயம், அதற்கும் அந்தத் தடுப்பூசிச் சான்று வேண்டும் என்பதால் அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.